இடப்பக்கம் வேலை, வலப்பக்கம் முடிந்தது

கேள்வி: எங்கள் விசேட கல்வி அலகில் 7 பிள்ளைகள். பாடம் மாறும்போதெல்லாம் ஒருவன் அழுகிறான். கொப்பி தேடியே எனக்கு நேரம் போகிறது. என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: மகள், அவன் அழுவது அடுத்தது என்னவென்று தெரியாததால் இருக்கலாம். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும், படம் மேசையில் இருக்கும். கணக்கு, சாப்பாடு, விளையாட்டு என்று படங்களை வரிசையாக ஒட்டுங்கள். முடிந்த படத்தை அவனே கழற்றட்டும். நான் முதலில் 10 படம் ஒட்டிக் குழப்பினேன். ‘இப்போது, பிறகு’ என்று இரண்டே போதும்.

கொப்பிக்கு, புறக்கோட்டையில் பிளாஸ்டிக் கூடைகள் வாங்கி, பிள்ளைக்கு ஒரு நிறம் கொடுங்கள். இடப்பக்கக் கூடையில் செய்ய வேண்டியது, வலப்பக்கத்தில் முடிந்தது. எவ்வளவு மிச்சம் என்று பிள்ளைக்கே தெரியும். 1972இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் மாநிலத் திட்டமாகத் தொடங்கிய, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான ‘டீச்’ (TEACCH) என்ற கற்பித்தல் முறையில் வருவது இது. கூடைகளை முதல் நாள் பின்னேரமே நிரப்பிவிடுங்கள். காலையில் மழை, டிராபிக், ஒன்றும் நம் கையில் இல்லை.

அப்புறம், அந்தப் படங்களில் ஒரு செட்டை அவனுடைய அம்மாவிடமும் கொடுத்துவிடுங்கள்.