மேல் ஸ்தாயியில் கீச்சிடும் ஆல்ட்டோ சாக்ஸபோன்: முதலில் தாடையைப் பாருங்க

வணக்கம் நண்பரே. எட்டு மாசமா ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசிக்கிறீங்க, ஆக்டேவ் கீயை (ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி மேல தூக்குற பொத்தான்) அழுத்தினதும் ஒலி மெலிஞ்சு சுருதி ஏறிடுது, அதனால ரீட் (ஊதும்போது அதிர்ற மெல்லிய பட்டை) மாத்தலாமான்னு கேட்டிருக்கீங்க. ரீட்டை விடுங்க. கீழ்த்தாடை இறுக்கிக் கடிக்குதுன்னுதான் எனக்குத் தோணுது.

சோதிக்க வழி இருக்கு. மவுத்பீஸை (வாயில வெச்சு ஊதுற முனை) மட்டும் கழட்டி, வழக்கம்போல ஊதி டியூனர்ல, அதாவது சுருதி காட்டுற கருவியில, பாருங்க. ஆல்ட்டோவுக்கு 880 ஹெர்ட்ஸ், அதாவது மேற்கத்திய 'ஏ' ஸ்வரத்துக்குப் பக்கத்துல நிக்கணும். 'பி', 'சி'ன்னு மேல போனா கடிக்கிறீங்கன்னு அர்த்தம். உதட்டோரம் மூடியே இருக்கட்டும், தாடையை மட்டும் தளர்த்தி அந்த ஸ்வரத்தைக் கீழே இறக்கப் பழகுங்க. முதல்ல அசிங்கமாத்தான் கேட்கும். எனக்கு வாத்து கத்துற மாதிரி கேட்டுச்சு, வீட்ல கதவைச் சாத்திட்டாங்க!

அடுத்து, மவுத்பீஸைத் திரும்ப மாட்டி, கீழ் பி ஃபிளாட் ஸ்வரத்தோட விரலமைப்பை அப்படியே பிடிச்சுக்கிட்டு, விரலை அசைக்காம, அதுக்கு ஒரு ஸ்தாயி மேல உள்ள பி ஃபிளாட்டை வரவழைங்க. பிறகு அதுக்கு மேல இருக்கிற எஃப். தொண்டையும் நாக்கும் எங்கே நிக்கணும்னு இதுதான் காட்டிக்கொடுக்கும். ரெண்டு வாரம் ஒண்ணுமே வரலைன்னாலும் விட்டுடாதீங்க.

ஞாயித்துக்கிழமை மட்டும் மூணு மணி நேரம் வாசிக்கிறதா எழுதியிருக்கீங்களே, அதை மாத்துங்க. தினம் இருபது நிமிஷம் போதும். அதுல முதல் எட்டு நிமிஷம் நீண்ட ஸ்வரங்கள்: மெதுவா ஆரம்பிச்சு, சத்தத்தை ஏத்தி, இறக்கி, டியூனர் முள் அசையாம. உதடு களைச்சா நிறுத்திடுங்க, களைச்ச உதடுதான் கடிக்க ஆரம்பிக்கும்.

மவுத்பீஸ் சோதனையில என்ன ஸ்வரம் வந்துச்சுன்னு எழுதுங்க.