ஹை இன்டென்சிட்டி ஃபங்ஷனல் டிரெய்னிங் உடல்திறனை எப்படிக் கூட்டுகிறது?

குந்தி எழுவது, பளு தூக்குவது, தாவுவது போலப் பல மூட்டுகள் சேர்ந்து இயங்கும் அசைவுகளை, மூச்சு வாங்கும் வேகத்தில், குறைந்த ஓய்வோடு செய்வதுதான் இது.

ஏற்காட்டில் காப்பி மூட்டையைத் தோளில் வைத்துச் சரிவில் ஏறுபவரை நினைத்துப் பாருங்கள். கால், முதுகு, நுரையீரல் எல்லாம் ஒரே நேரத்தில் உழைக்கின்றன. இந்தப் பயிற்சியிலும் அப்படித்தான். வாரக்கணக்கில் தொடர்ந்தால் இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளும். தசை செல்களில் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகும். நரம்புகள் கூடுதல் தசை நார்களை வேலைக்கு இழுக்கும். அதனால் பலமும் தம்மும் சேர்ந்தே ஏறும். எனக்கு இதில் மிகவும் பிடித்ததே அதுதான்.

அப்புறம், தினமும் செய்தால் சீக்கிரம் பலன் வரும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை, தசை தேறுவது ஓய்வில்தான். புதியவர்களுக்கு வாரம் 2, 3 நாள் போதும்.