பால் பல்தானே என்று விட்டுவிடலாமா?

குழந்தைகளின் பல் நலம் குறித்து வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது நிறைவடையப் போகிறது. மேல்வரிசை முன்பற்கள் நான்கும் பழுப்பாகி, ஓரம் உதிர்ந்து வருகின்றன. கீழ்வரிசைப் பற்கள் நன்றாகவே இருக்கின்றன. எங்கள் வீட்டில் வெள்ளைச் சர்க்கரை வாங்குவதே இல்லை. இரவில் பனங்கற்கண்டு போட்ட பாலைப் புட்டியில் குடித்தபடியே தூங்கிவிடுவாள். "விழுந்து முளைக்கிற பல்தானே, விட்டுவிடு" என்கிறார் என் மாமியார். விட்டுவிடலாமா?
- வாசகி, திருமங்கலம்

பதில்: சகோதரி, விட்டுவிடக் கூடாது. நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் புட்டிப்பாலால் வரும் சொத்தையையே காட்டுகின்றன. குழந்தை சப்பும்போது புட்டியின் காம்பு நாக்கின்மேல் படிவதால் கீழ்ப்பற்களை நாக்கே மூடிக் காக்கிறது. இனிப்புப் பால் மேல்வரிசை முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கிறது. தூக்கத்தில் உமிழ்நீர் மிகக் குறைவாகவே சுரக்கும் என்பதால், அதைக் கழுவிவிடவும் வழியில்லாமல் போகிறது. வாயிலுள்ள கிருமிகள் இனிப்பை அமிலமாக்க, அந்த அமிலம் பல்லின் கடினமான மேலுறையான எனாமலில் உள்ள கால்சியத்தை இரவு முழுவதும் கரைத்துக்கொண்டிருக்கிறது.

பனங்கற்கண்டு, கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் ஆகியவை உடம்புக்கு நல்லவை என்று நம்பித்தான் நம் வீடுகளில் கொடுக்கிறோம். ஆனால் பல்லைப் பொறுத்தவரை இவையும் வெள்ளைச் சர்க்கரையும் ஒன்றே. கிருமிகள் எல்லாவற்றையும் அமிலமாக்கிவிடும். இருமலுக்குக் கொடுக்கும் இனிப்பு மருந்துகளுக்கும் இது பொருந்தும் என்பதால், மருந்து கொடுத்த பின் இரண்டு வாய் தண்ணீர் கொடுங்கள்.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. முன்பற்கள் ஆறேழு வயதில் விழத் தொடங்கும். ஆனால் பின்னாலுள்ள பால் கடைவாய்ப் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டியவை. சொத்தை அவற்றுக்குப் பரவினால் குழந்தை மெல்லச் சிரமப்படுவாள், இரவில் வலியால் விழிப்பாள். வேரில் சீழ் பிடித்தால் அடியில் வளரும் நிரந்தரப் பல்லும் பாதிக்கப்படலாம். காலத்துக்கு முன்பே பல்லைப் பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ள, புதிய பல் கோணலாக முளைக்கலாம்.

பாலை இரவு உணவோடு தம்ளரில், இனிப்பில்லாமல் கொடுத்துவிட்டுப் பல் துலக்கிப் படுக்க வையுங்கள். ஒரேயடியாக நிறுத்த முடியாவிட்டால் இனிப்பை நாளுக்கு நாள் குறைத்து, பாலில் தண்ணீரைக் கூட்டி, கடைசியில் புட்டியில் வெறும் தண்ணீர் மட்டும் என்று வாருங்கள். நான்கைந்து இரவுகள் அழுவாள். அப்போது வீட்டுப் பெரியவர்களும் உங்களோடு உறுதியாக நிற்க வேண்டும். இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆரம்பச் சொத்தையைக் குடையாமலேயே, வெள்ளி கலந்த ஃபுளூரைடு திரவத்தைத் தடவிப் பரவாமல் நிறுத்த முடியும். அந்த இடம் கறுத்துப் போகும் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

கைக்குழந்தை உள்ள மற்ற தாய்மார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை குழந்தையை வெளிச்சத்தில் மடியில் சாய்த்து, மேலுதட்டைத் தூக்கி, ஈறை ஒட்டிய பகுதியைத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். சுண்ணாம்பு தடவியதுபோல் மங்கலான வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுவே சொத்தையின் முதல் அடையாளம். அந்த நிலையில் உணவுப் பழக்கத்தை மாற்றி, ஃபுளூரைடு பற்பசையால் துலக்கி வந்தால் பல்லைக் காப்பாற்றிவிடலாம்.

கேள்வி: எட்டு வயது மகனுக்குச் சாக்லேட் கொடுப்பதே இல்லை; ஆனாலும் கடைவாயில் இரண்டு பற்கள் சொத்தை. காலையில் பாலும் பிஸ்கட்டும், பள்ளிக்குச் சிப்ஸ், மாலையில் டீயில் தோய்த்த பிஸ்கட், டியூஷனில் மிக்சர், படுக்கும்போது சத்துமாவுப் பால் என்று சாப்பிடுகிறான். எங்கே தவறு?
- வாசகர், வில்லாபுரம், மதுரை

பதில்: தவறு நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறை கொறிக்கும்போதும் சில நிமிடங்களில் வாயில் அமிலத்தன்மை கூடி, அதைக் காட்டும் பிஹெச் அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம் என்று பொருள்) 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் அதைச் சமன்செய்து, கரைந்த தாதுக்களைத் திரும்பப் பல்லில் சேர்க்க அரைமணி நேரத்துக்கு மேலாகும். அதற்குள் அடுத்த தீனி உள்ளே போனால், பல்லுக்கு ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. டீயில் ஊறிய பிஸ்கட் கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் களிபோல அப்பிக்கொள்ளும். சிப்ஸின் மாவுச்சத்தும் அங்கேயே தங்கிச் சர்க்கரையாக மாறும். இவை சாக்லேட்டைவிட நீண்ட நேரம் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடியவை.

ஆகவே, எவ்வளவு தின்கிறான் என்பதோடு எத்தனை முறை தின்கிறான் என்பதையும் கணக்கில் எடுங்கள். காலையில் வயிறு நிறைய இட்லியோ பொங்கலோ சாப்பிட்டுப் போகும் பிள்ளை இடைவேளையில் பாக்கெட்டைத் தேடுவது குறையும். மாலைத் தீனி ஒரே வேளையாக இருக்கட்டும்: சுண்டல், வேர்க்கடலை, கொய்யா, வெள்ளரி. சித்திரைத் திருவிழாவுக்குப் போனால் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுங்கள், மறுக்க வேண்டாம். அதை ஒரே தடவையில் குடித்து முடித்துத் தண்ணீரால் வாய் கொப்பளிக்கும் பிள்ளையைவிட, தேன்மிட்டாயைச் சட்டைப்பையில் வைத்து நாள் முழுவதும் ஒவ்வொன்றாய்ச் சுவைக்கும் பிள்ளையின் பல்லுக்கே கேடு அதிகம்.

இரவில் சத்துமாவுப் பாலுக்குப் பிறகு பல் துலக்கிவிட்டால், அதன்பின் தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது. ஆறு வயதளவில், எந்தப் பல்லும் விழாமலேயே பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் நிரந்தரமானது. பெற்றோர் பலர் அதைப் பால் பல் என்று எண்ணிக் கவனிக்காமல் விடுகிறார்கள். சொத்தையானவை அந்தப் பற்களா என்று உடனே பாருங்கள்.

கேள்வி: பத்து வயது மகளின் புதிய முன்பற்களில் பழுப்புக் கோடுகள் உள்ளன. நாங்கள் குடிப்பது ஆழ்துளைக் கிணற்று நீர். பற்பசையை நிறுத்திவிடலாமா?
- வாசகி, உசிலம்பட்டி அருகே

பதில்: அது நீரில் ஃபுளூரைடு மிகுந்ததால் வந்த கறையாக இருக்கலாம், மருத்துவர் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். முன்பற்கள் தாடைக்குள் உருவாகும் முதல் நான்கு வயதுக்குள் ஏற்படும் மாற்றம் என்பதால், அழுத்தித் துலக்கினால் போகாது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருப்பதே ஏற்ற அளவு. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதி உண்டு. கொதிக்க வைத்தால் ஃபுளூரைடு குறையாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் நீரைப் பரிசோதித்து, அளவு மிகுந்திருந்தால் குடிக்கவும் சமைக்கவும் வேறு நீருக்கு மாறுங்கள். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் இதைத் தள்ளிப் போடாதீர்கள். மகள் பற்பசையை நிறுத்த வேண்டியதில்லை; துலக்கி முடித்துத் துப்பினால் போதும். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு அரிசி அளவும், ஆறு வயது வரை பட்டாணி அளவும் வைத்து, விழுங்காமல் துப்புகிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.