கிராமத்து இளைஞர்கள் ரிஸ்க் எடுக்கப் பயப்படுகிறார்களா?

நகரத்துப் பிள்ளைகள் துணிந்து தொழிலில் இறங்குகிறார்கள், கிராமத்துப் பையன்கள் மட்டும் ஏன் அரசு வேலையே கதியென்று கிடக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பயம்தான் காரணம் என்பதை நான் ஏற்க மாட்டேன். விழுந்தால் யார் தூக்கிவிடுவார்கள் என்ற கணக்குதான் இரண்டு பக்கமும் வேறு.

எனக்குப் பேராவூரணி பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் பகுதியில் தோப்புதோப்பாகத் தென்னை சாய்ந்தது. நெட்டை ரகம் மறுபடி காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடமாவது ஆகும். காலேஜ் ஃபீஸ், கல்யாணச் செலவு எல்லாம் தேங்காய்க் காசில் நடந்துகொண்டிருந்த வீடுகள் அவை. பள்ளிக்கூட வயதில் அதைப் பார்த்தவனுக்கு மாதம் தவறாமல் வரும் சம்பளம் சாதாரண விஷயமா? இத்தனைக்கும் அந்தப் பாதையே பெரிய சூதாட்டம். 2024 குரூப் 4 தேர்வுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். முதலில் அறிவித்தது 6,244 இடம். அதற்காக இருபதுகளின் நல்ல வருடங்களைப் பணயம் வைப்பவனைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சென்னையில் என் நண்பர் ஒருவர் வேலையை விட்டு ஸ்டார்ட்அப் தொடங்கினார். தைரியசாலிதான். ஆனால் வீடு சொந்தம், அப்பாவுக்கு பென்ஷன் வருகிறது. சரிவரவில்லை என்றால் வேறு கம்பெனிக்குப் போய்விடலாம். ஊரில் அதே வயதுப் பையனின் படிப்புக்காக அம்மாவின் நகை கூட்டுறவு வங்கியில் இருக்கும்.

உயிர் விஷயத்தில் இது அப்படியே தலைகீழ். ராத்திரி மோட்டார் போட எங்கள் பையன்கள் செருப்புகூட இல்லாமல், செல்போன் வெளிச்சத்தில் வரப்பில் நடப்பார்கள். கட்டுவிரியன் நடமாடும் நேரமே அதுதான். கடித்தால் பெரிதாக வலிகூடத் தெரியாது. சொன்னால், "அதெல்லாம் பழகிப்போச்சுண்ணே" என்பார்கள். எனக்கு உண்மையில் பயமாக இருப்பது இதுதான். ஒரு டார்ச்சும் கம்பூட்ஸும் போதும், அதை யாரும் வற்புறுத்துவதில்லை.

என் சித்தப்பா மகன் குரூப் 4ல் தேறி வி.ஏ.ஓ. ஆனான். அடுத்த வருடமே அவன் தங்கை ஃபேஷன் டிசைனிங் படிக்கச் சென்னைக்குக் கிளம்பினாள். முன்பு டீச்சர் ட்ரெய்னிங்கைத் தவிர வேறு பேச்சே எடுக்காத சித்தப்பாதான் பஸ் ஏற்றிவிட்டார்.