மே 17 எதற்கு, 1905 எதற்கு?

உங்கள் மகளின் பள்ளிக் கட்டுரைக்கு நார்வே சுதந்திரம் பெற்றது 1814ஆ 1905ஆ என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு விஷயம்.

1814 ஜனவரியில் கீல் உடன்படிக்கைப்படி டென்மார்க் நார்வேயை ஸ்வீடனுக்கு விட்டுக்கொடுத்தது. நார்வேக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. எய்ட்ஸ்வோல் என்ற ஊரில் கூடி, மே 17 தேதியிட்டுத் தங்களுக்கென ஓர் அரசியலமைப்பை எழுதிக்கொண்டார்கள். இன்றும் அதுதான் தேசிய தினம். ஆனால் அந்தக் கோடையிலேயே ஸ்வீடன் படையெடுத்தது. நவம்பரில் இரு நாடுகளும் ஒரே அரசரின் கீழ் வந்தன. அரசியலமைப்பு மட்டும் சில திருத்தங்களோடு தப்பியது.

அப்புறம் 1905 ஜூன் 7 அன்று நார்வே நாடாளுமன்றம் அந்த உறவை முறித்தது. ஆகஸ்டில் நடந்த வாக்கெடுப்பில் பிரிவுக்கு ஆதரவாக 3,68,208 பேர், எதிராக வெறும் 184 பேர்! (பெண்களுக்கு அப்போது வாக்கில்லை, அவர்கள் தனியாகக் கையெழுத்து திரட்டினார்கள்.)

சரி, கட்டுரையில் 1814ஐ அரசியலமைப்பு ஆண்டு என்றும் 1905ஐ முழு விடுதலை என்றும் எழுதச் சொல்லுங்கள்.