தாத்தா சொன்ன கொலைகாரர்கள்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ என்ற கொரியப் படத்தை நானும் என் கணவரும் வீட்டில் பார்த்தோம். படம் முடிந்ததும் அவர், “கடைசிவரை கொலைகாரன் யார் என்றே சொல்லவில்லையே, இதற்கா இவ்வளவு நேரம் விழித்திருந்தோம்?” என்று கோபித்துக்கொண்டு படுக்கப் போய்விட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் மத்தியானம் தனியாக இன்னொரு முறை பார்த்தேன். துப்புத் துலங்கிவிடும் படங்களை நான் இரண்டாம் முறை பார்ப்பதே இல்லை. துலங்காத கொலையில் அப்படி என்ன இருக்கிறது? செத்தவர்கள் நிஜமான பெண்கள் என்று தெரிந்தும் இதை ரசிப்பது தப்பில்லையா? நீங்களும் எங்கள் பக்கத்துக்காரர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரை நான் குறை சொல்ல மாட்டேன். கதை கேட்க உட்கார்ந்தவனுக்கு முடிவு சொல்லாமல் எழுந்து போனால் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் எனக்கு உங்கள் கட்சிதான் பழக்கம். என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ராயபுரம் வீட்டில் மின்சாரம் போகிற இரவுகளில் அவரிடம் இரண்டு கொலைக் கதைகள் தயாராக இருக்கும். ஒன்று ஆளவந்தார் கொலை. 1952 ஆகஸ்டில், எங்கள் ராயபுரத்திலேயே, செமிட்டரி ரோட்டில் நடந்தது. சைனா பஜாரில் பேனா விற்றவர். தலை ராயபுரம் கடற்கரை மணலில். உடல் டிரங்குப் பெட்டியில் போட் மெயில் ரயில் ஏறி மானாமதுரை வரை போயிற்று. தலையையும் உடலையும் பொருத்திப் பார்த்து இன்னார்தான் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். கொன்ற கணவனும் மனைவியும் பிடிபட்டார்கள். அவனுக்கு 7 ஆண்டு, அவளுக்கு 3 ஆண்டு. தாத்தா இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் ஒரு சொல் மாறாது. பெட்டி ரயிலேறும் இடத்தில் குரலைத் தாழ்த்துவார், மானாமதுரையில் உயர்த்துவார். நாங்கள் பயந்து, கேட்டு முடித்து, தூங்கிவிடுவோம்.

இன்னொன்று லட்சுமிகாந்தன் கொலை. சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்த பத்திரிகைக்காரரை 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரிப் பக்கம் ரிக்‌ஷாவில் போகும்போது குத்தினார்கள். மறுநாள் பெரியாஸ்பத்திரியில் உயிர் போயிற்று. இந்தக் கதையில் தாத்தாவிடம் நிலையான கொலைகாரனே கிடையாது. ஒரு மழைக்காலத்தில் கொன்றவன் கடன்காரன். அடுத்த கோடையில் மானம் போன ஏதோ ஒரு குடும்பத்தின் ஆள். பாட்டி உள்ளிருந்து, “நீங்கள் போனமுறை வேறே ஆளைச் சொன்னீர்களே” என்பாள். பக்கத்து வீட்டுக்காரர் தன் கட்சிக்கு ஒருவனைக் கொண்டுவருவார். சண்டை நள்ளிரவு தாண்டும். யாருக்கும் தூக்கம் வராது. அந்தக் கதைக்குள் நுழைய ஒரு கதவு திறந்தே இருந்தது, எட்டு வயதுப் பையன்கூட ஒரு கொலைகாரனோடு உள்ளே வரலாம். நீங்கள் மறுநாள் மத்தியானம் அந்தப் படத்துக்குத் திரும்பப் போனதும் அந்தக் கதவு வழியாகத்தான் என்று சில வருடங்களுக்கு முன்பு எழுதியிருப்பேன்.

இப்போது அது மட்டும் போதாது என்று தோன்றுகிறது. எங்கள் திண்ணையில் ஆள் மாற்றி ஆள் பிடித்து விளையாடிய அதே வழக்கில், நிஜமாகவே பிடிக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும். அந்த ஆண்டு தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தீபாவளி கண்ட படம். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நாயகன் பாகவதர் உள்ளே போனார். 1945-இல் ஆயுள் தண்டனை. மேல்முறையீடு அன்றைய உச்ச மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-இல் விடுதலை. கிருஷ்ணன் மறுபடி எழுந்துவிட்டார். பாகவதரால் பழைய இடத்துக்கு வர முடியவில்லை, 1959-இல் இறந்தார். குத்தியது யார் என்பது அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. தாத்தா ‘ஹரிதாஸை’ பதினொரு முறை பார்த்தவர். ஆனாலும் பாகவதர் சிறையில் இருந்த காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அது கதைக்கு உதவாது அல்லவா.

பாகவதருக்காவது பிரிவி கவுன்சில் வரை போகப் பணம் இருந்தது. எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு? எனக்கு இருபது வயதில், இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு நடந்து வந்த என்னை நிறுத்தி வீடு எங்கே என்றார்கள். ராயபுரம், மீன்பிடித் துறைமுகம் பக்கம் என்றேன். அதுவே போதுமானதாக இருந்தது. எங்கோ ஒரு கடையில் பூட்டு உடைந்திருந்ததாம். விடியும்வரை ஒரு காவல் நிலையத்தின் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். எழுத்து வேலை பார்த்தவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “முகத்திலேயே எழுதியிருக்கிறதே” என்றார். சந்தேகக் கேஸ் என்ற சொல் உங்கள் தெருவிலும் புழங்கியிருக்கும்.

நீங்கள் பார்த்த படத்தில் அந்தப் போலீஸ்காரன் என்ன பெருமை அடித்துக்கொள்கிறான்? கண்ணைப் பார்த்தே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவேன் என்கிறான். தடயம் இல்லையென்றால் சந்தேகப்பட்டவனின் ஷூவை மண்ணில் அழுத்தித் தடயம் உண்டாக்குகிறான். அடித்த கையோடு அவனுக்குச் சாப்பாடு கொடுத்து, கூடவே உட்கார்ந்து டிவியில் போலீஸ் தொடர் பார்க்கிறான். அந்த இடத்தில் நான் சிரித்தேன், பிறகு எனக்கு அந்தப் பெஞ்சு ஞாபகம் வந்தது.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். படம் வந்தது 2003-இல். ஹ்வாசங் என்ற ஊர்ப்பக்கம் 1986 முதல் 1991 வரை பத்துப் பெண்கள் கொல்லப்பட்ட வழக்கு அது. இருபதாயிரம் பேருக்கு மேல் விசாரித்தும் பயனில்லை. 2006-இல் வழக்குத் தொடுக்கும் காலவரம்பும் முடிந்துபோயிற்று. ஆனால் 2019-இல், பத்திரப்படுத்தி வைத்திருந்த தடயங்களின் மரபணு ஓர் ஆளோடு பொருந்தியது. மைத்துனியைக் கொன்ற வேறொரு வழக்கில் 1994 முதலே அவன் சிறையில் இருந்தான். ஒப்புக்கொண்டான். அந்தப் படத்தைச் சிறையிலேயே பார்த்ததாகவும், எந்த உணர்ச்சியும் வரவில்லை என்றும் நீதிமன்றத்தில் சொன்னான். அந்தப் பத்துக் கொலைகளில் எட்டாவதற்காக இன்னொருவர் ஏற்கெனவே சுமார் இருபது ஆண்டு சிறையில் கழித்திருந்தார். போலியோவால் கால் பாதிக்கப்பட்டவர். அடித்து வாக்குமூலம் வாங்கியதாக அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். 2020 டிசம்பரில்தான் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது.

விடை தெரிந்த பிறகு நானும் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். உங்கள் கணவர் சொல்வது சரியென்றால் அது செத்துப்போயிருக்க வேண்டும், இல்லையா? முன்னைவிட அதிகமாக இழுத்தது. கொலைகாரன் யார் என்ற கேள்வி விலகியதும், கைக்குக் கிடைத்தவனையெல்லாம் பிடித்து உலுக்குகிற அந்த இரண்டு போலீஸ்காரர்களின் தவிப்பும், உலுக்கப்படுகிறவர்களின் விழிப்பும் மட்டும் மிஞ்சின. அமெரிக்காவில் துலங்காமல் போன ஒரு தொடர்கொலை வழக்கைப் பற்றிய ‘ஸோடியாக்’ படம் எனக்கு ஒரு படி கீழேதான். நுணுக்கமான வேலை, மறுக்கவில்லை. ஆனால் வழக்கே தொடரப்படாமல் 1992-இல் செத்துப்போன ஒருவர் பக்கம் அது கையைக் காட்டிவிட்டு முடிகிறது. திண்ணையில் தாத்தா செய்தால் மன்னிக்கலாம். அவரை நம்பி யாரும் யாரையும் தேடிப் போகப்போவதில்லை.

தப்பில்லையா என்று கேட்டீர்கள். பயத்தோடும் கேள்வியோடும் பார்ப்பதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் மனம் யாரைப் பிடித்தது, அவன் எந்த மாதிரி சட்டை போட்டிருந்தான், ஏன் அவனைப் பிடித்தது என்பதைக் கவனித்துப் பாருங்கள். எனக்கு முதல்முறை பார்த்தபோது பிடிபட்டவன் படத்தில் வரும் அந்தப் புத்தி மந்தமான பையன். ராயபுரத்துக்காரனான எனக்கு!

உங்கள் கணவரிடம் 2019 செய்தியைச் சொல்லிவிடுங்கள். அவருக்கு அது போதுமென்றால் அடுத்த முறை அவரை எழுப்பாமல் நீங்கள் மட்டும் பாருங்கள்.

அன்புடன்.