கருங்கல்லின் வயது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (கொக்குவிலிலிருந்து ஒரு வாசகர்): கலை வரலாற்றாசிரியர் என்று நாம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி முதலில் புவிச்சரிதவியலாளராக இருந்தார் என்று படித்தேன். இலங்கைப் பாறைகளில் அவர் எதைக் கண்டறிந்தார்?

பதில்: கலை பற்றிய நூல்கள் அவருக்குத் தேடித் தந்த பெரும் புகழில் இந்த முதற்பணி மறைந்துபோனது வருத்தத்துக்குரியது. யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்ட சேர் முத்துக் குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் 1877 இல் கொழும்பில் பிறந்த அவர், இலண்டன் யூனிவர்சிற்றிக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்று 1900 இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டிலேயே இலங்கைப் பாறைகளையும் பென்சிற்கரி எனப்படும் காரீயத்தையும் பற்றிய அவருடைய கட்டுரை இலண்டன் புவிச்சரிதவியற் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் அளவைக்கு அவரே முதற் பணிப்பாளராக இருந்தார். இன்றைய புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம் அந்த அளவையின் வழிவந்ததே.

அவருடைய பெயரோடு சேர்ந்து நிற்கும் கனிமங்கள் இரண்டு. பிரயர் என்பவருடன் இணைந்து 1903 இல் விவரித்த செரண்டிபைற் முதலாவது. நீலநிறமும் போரன் சேர்க்கையும் உடைய இக்கனிமம், கண்டிப் பகுதியில் சுண்ணாம்புப் பாறையும், மிகுந்த வெப்பத்தில் உருமாறிய பாறையான கிரனுலைற்றும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் ஒடுங்கிய வலயத்திலே கிடைத்தது. இலங்கையின் பழம்பெயரான செரண்டிப் என்பதையே அதற்கு இட்டார்கள். மற்றையது தோரியனைற். சபரகமுவவின் இரத்தினக்கல் மணலில் 1904 இல் அவர் கண்ட கனத்த கறுப்புக் கனசதுரப் பளிங்குகள் முதலில் யுரேனியக் கனிமமாகவே கருதப்பட்டன. இலண்டனில் இரசாயனப் பகுப்பு நடந்தபோதே அவற்றில் பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு என்று தெரியவந்தது. அந்நாளில் தோரியத்துக்குப் பெருங்கிராக்கி இருந்தது. நம் வீட்டுக் கொண்டாட்டங்களில் எரிந்த பெற்றோமாக்ஸ் விளக்கின் மென்ரில் வெண்ணொளி தந்ததும் இந்த ஒட்சைட்டினாலேதான்.

புதுக் கனிமத்துக்குப் பெயரிட்டதைக் காட்டிலும், அது எந்தப் பாறையில், எந்தப் பாறைக்கு அருகில் கிடந்தது என்பதை அவர் கவனமாகக் குறித்துவைத்ததையே நான் பெரிதாக மதிக்கிறேன். இடம் தெரியாத மாதிரி எத்தனை அழகாக இருந்தாலும், அதைக்கொண்டு பாறையின் வரலாற்றைச் சொல்ல முடியாது.

கேள்வி (சாவகச்சேரியிலிருந்து உயர்தர மாணவி ஒருவர்): எங்கள் கிணறுகளில் சுண்ணாம்புக்கல்லே வருகிறது. கட்டடத்துக்குரிய கருங்கல் வன்னியிலிருந்து வருகிறது. குடாநாட்டில் பழைய பாறை இல்லையா?

பதில்: இருக்கிறது, ஆனால் ஆழத்தில் மூடப்பட்டுக் கிடக்கிறது. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் கேம்பிரியனுக்கு முந்திய, அதாவது ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட, வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறிய பளிங்குருப் பாறையால் ஆனது. யாழ்ப்பாணம் தொடங்கி வடமேற்குக் கரையோரமாகப் புத்தளம் வரை, அந்த அடித்தளத்தின்மீது மயோசீன் காலத்துக் கடல் சுண்ணாம்புக்கல்லைப் படியவிட்டுச் சென்றது. அதன் வயது இரண்டு கோடி ஆண்டுகளை ஒட்டியது. கீழே கிடக்கும் பாறையோடு ஒப்பிட்டால் மிக இளையது. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் சுண்ணாம்புக்கல்லை நீர் கரைத்ததனால் அமைந்தவை. வவுனியாவை நோக்கித் தெற்கே செல்லும்போது சுண்ணாம்புக்கல் விலகி, வன்னித் தொகுதி எனப்படும் நைசுப்பாறைகள் (பட்டை பட்டையாகத் தோன்றும் உருமாறிய பாறைகள்) வெளித் தெரிகின்றன. நீங்கள் கருங்கல் என்று குறிப்பிடுவது பெரும்பாலும் இவற்றையே.

கேள்வி (அதே மாணவி): அந்தப் பாறையின் வயதை எவ்வாறு அறிகிறார்கள்?

பதில்: சிர்க்கோன் என்ற சிறு கனிமத்தைக்கொண்டு அறிகிறார்கள். சிர்க்கோன் பளிங்காகும்போது யுரேனியத்தைத் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது, ஈயத்தையோ ஏறக்குறைய முற்றாகத் தள்ளிவிடுகிறது. எனவே பின்னாளில் அதனுள் காணப்படும் ஈயம் யுரேனியம் சிதைந்து உண்டானது என்று கொள்ளலாம். யுரேனியம் 238 இல் பாதி ஈயமாக மாற ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் செல்லும் என்பது அளந்தறியப்பட்டதாகையால், இரண்டின் விகிதத்திலிருந்து வயது கிடைக்கிறது.

கடினமான பகுதி இதற்குப் பின்னரே தொடங்குகிறது. பளிங்குருப் பாறையிலுள்ள ஒரே சிர்க்கோன் மணிக்கு இரண்டு வயதுகள் இருக்கலாம். மத்திய மலைநாட்டை உள்ளடக்கிய உயர்நிலத் தொகுதியில், மணியின் நடுப்பகுதி 200 கோடி ஆண்டுகளையும், சில இடங்களில் 300 கோடி ஆண்டுகளையும் தாண்டியதாக இருக்க, அதைச் சுற்றி வளர்ந்த விளிம்பு 55 முதல் 61 கோடி ஆண்டு வயதைக் காட்டுகிறது. நடுப்பகுதி, ஏதோ ஒரு பழைய நிலத்திலிருந்து ஆறு அரித்துவந்த மணலின் வயது. விளிம்பின் வயதோ, அந்த மணலும் சேறும் பூமிக்குள் பல பத்துக் கிலோமீற்றர் ஆழத்துக்குப் புதைந்து, 800 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் குவாட்சைற்றாகவும் (மணல் உருமாறிய கடினப் பாறை) நைசுப்பாறையாகவும் உருமாறிய காலத்தைக் குறிக்கிறது. இந்தியா, மடகாஸ்கர், அந்தாட்டிக்கா ஆகியவற்றின் நிலத்துண்டுகள் மோதிக் கொண்டுவானா என்ற பெருங்கண்டம் பொருந்திய காலமும் அதுவே. நடுவையும் விளிம்பையும் பிரித்து அளக்காமல் முழு மணியையும் கரைத்து அளந்தால், எந்த நிகழ்ச்சிக்கும் உரியதல்லாத ஓர் இடைப்பட்ட எண் கிடைத்துவிடும். ஆகவே மணியில் நுண்ணிய புள்ளி ஒன்றை மட்டும் அயன் கற்றையால் அளக்கும் கருவியை உருவாக்கினார்கள். கன்பராவிலுள்ள அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் அக்கருவிக்கு ஒப்பீட்டு நியமமாக நெடுங்காலம் பயன்பட்டது, ஏறத்தாழ 57 கோடி ஆண்டு வயதுடைய இலங்கைச் சிர்க்கோன் ஒன்று என்பதை மாணவர்கள் பெருமையோடு அறிந்துவைத்திருக்கலாம்.

கேள்வி (பருத்தித்துறையிலிருந்து ஒரு வாசகர்): புல்மோட்டைக் கறுப்பு மணலுக்கும் இப்பாறைகளுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: நேரடித் தொடர்பு உண்டு. அம்மணலிலுள்ள இல்மனைற், உரூத்தைல், சிர்க்கோன், மொனசைற் ஆகிய கனத்த கனிமங்கள் உள்நாட்டுப் பளிங்குருப் பாறைகளில் சிறு அளவில் சிதறியிருப்பவை. பாறை உக்கிச் சிதைந்ததும் ஆறுகள் அவற்றைக் கடலுக்குக் கொண்டுசேர்க்கின்றன. இலேசான குவாட்ஸ் மணலை அலைகள் அள்ளிச் செல்ல, கனத்தவை கரையில் செறிந்து தங்குகின்றன. முதற் பதிலில் குறிப்பிட்ட காரீயமும் இப்பாறைகளிலேயே கிடைக்கிறது, ஆனால் போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் தோண்டப்படும் அதன் பிறப்பு வேறுவகையானது. வெப்பமிக்க ஆழத்தில் கரிச்சேர்வை கொண்ட பாய்பொருள் பாறைப் பிளவுகளில் புகுந்து, கரியை நரம்புகளாகப் படியவிட்டது. உலகில் இத்தகைய நரம்புக் காரீயம் வணிக அளவில் கிடைக்கும் இடமாக அறியப்பட்டது இலங்கையே.